கியர் இல்லாத சைக்கிளில் ஹட்டனிலிருந்து நுவரெலியா: ஒரே நாளில் போய் வரலாமா?

கேள்வி சுருக்கமாக இதுதான். ஹட்டனில் இருக்கும் தம்பி ஒருவர், 2022 பெற்றோல் தட்டுப்பாட்டு நேரத்தில் வாங்கிய சாதாரண லுமாலா சைக்கிள் ஒன்று வைத்திருக்கிறார். கியர் கிடையாது, கம்பி பிரேக் (வயருக்குப் பதிலாக இரும்புக் கம்பிகள் இழுக்கும் பிரேக்). விடியற்காலையில் தனியாகப் புறப்பட்டு நுவரெலியா போய், இருட்டுவதற்குள் வீடு வந்து சேர முடியுமா? அந்த வண்டி அவ்வளவு ஏற்றம் ஏறுமா? இல்லையென்றால் கியர் சைக்கிள் ஒன்று வாங்கத்தான் வேண்டுமா?

ஏறும். போய் வரவும் முடியும். உங்களை எல்லாரும் ஏற்றத்தைச் சொல்லித்தான் பயமுறுத்தியிருப்பார்கள். ஏற்றத்தில் அப்படி என்ன நடந்துவிடப் போகிறது? மூச்சு வாங்கும், தொடை இறுகும், முடியாவிட்டால் இறங்கித் தள்ளுவீர்கள். திரும்பி வரும்போதுதான் விஷயமே இருக்கிறது. நுவரெலியாவிலிருந்து தலவாக்கலைக்கு ஏறக்குறைய 670 மீற்றர் உயரம் இறங்க வேண்டும். அங்கே பிரேக் கைவிட்டால் யோசிக்க நேரம் கிடைக்காது. அதனால் இந்தப் பயணத்தை நான் இறக்கத்தை வைத்துத்தான் திட்டமிடுவேன். வண்டியில் செய்ய வேண்டிய வேலை, போகும் மாதம், புறப்படும் நேரம், எல்லாவற்றையும் மத்தியானத்துக்கு மேல் வரும் அந்த இறக்கமே தீர்மானிக்கட்டும்.

முதலில் வீதியைப் பார்ப்போம். ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து 1,260 மீற்றர் சொச்சம். தலவாக்கலை 1,200 அளவில். நானுஓயா ஸ்டேஷன் 1,600-ஐத் தாண்டும். நுவரெலியா 1,868. அவிசாவளையிலிருந்து வரும் ஏ7 வீதியில்தான் முழுக்கப் போகிறீர்கள். ஒரு பக்கம் 45 முதல் 50 கிலோமீற்றர். தலவாக்கலை வரைக்கும் 20 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. கொட்டகலை, பத்தனை, டெவன் நீர்வீழ்ச்சி, சென்கிளேயர் என்று ஏறி இறங்கிப் போகும் பாதை, மொத்தக் கணக்கில் கொஞ்சம் இறக்கம்தான். கால் சூடாகுவதற்கு நல்ல துண்டு. சென்கிளேயரில் நின்று படம் எடுக்க ஆசைப்படாதீர்கள். மேல் கொத்மலை நீர்மின் திட்டம் வந்த பிறகு அங்கே பழைய தண்ணீர் இல்லை. டெவன் இன்னும் அழகுதான், ஆனால் அதையும் திரும்பி வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

தலவாக்கலைக்குப் பிறகுதான் உண்மையான ஏற்றம். லிந்துலை வழியாக நானுஓயா, அங்கிருந்து பிளக்பூல் தாண்டி நுவரெலியா. கணக்குப் போட்டால் நூறு மீற்றர் தூரத்துக்குச் சராசரியாக இரண்டரை மீற்றர் உயரம் கூட வராது. கேட்கவே ஆறுதலாக இருக்கிறது, இல்லையா? சராசரிதான் அப்படி. இடையிடையே நூற்றுக்கு ஆறு ஏழு என்று நிமிரும் துண்டுகளும் உண்டு, நன்றாகச் சாய்ந்து மூச்சு விட இடம் தரும் துண்டுகளும் உண்டு.

மலைநாட்டில் பெரிய வீதிகள் இப்படி மிதமாக இருப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அவற்றில் பலவும் காப்பிக் காலத்தில் மாட்டு வண்டி போவதற்கென்று வெட்டியவை. மாடு இழுக்க முடியாத செங்குத்தில் வீதி போட்டு யாருக்கு என்ன பயன்? மலையைச் சுற்றிச் சுற்றி, முடக்குக்கு மேல் முடக்கு வைத்து, தூரம் கூடினாலும் பரவாயில்லை என்று வெட்டினார்கள். ரயில் பாதை இன்னும் கண்டிப்பு. 1884-இல் ஹட்டனுக்கும் அடுத்த வருடம் நானுஓயாவுக்கும் வந்த பாதை அது. மலையேறும் இடங்களில்கூட 44 அடிக்கு ஓரடிக்கு மேல் உயராது. ஆகவே புது இடத்தில் சைக்கிள் மிதிக்கப் போகிறீர்கள் என்றால் வரைபடத்தில் முதலில் ரயில் பாதையைத் தேடுங்கள். அதை ஒட்டிப் போகும் பெரிய வீதி பெரும்பாலும் உங்கள் காலுக்குச் சரிப்படும்.

தோட்டத்து ரோட்டுகள் நேர்மாறு. கொழுந்து லொறியும் டிராக்டரும் முதல் கியரில் உறுமிக்கொண்டு ஏறுவதற்காகப் போட்டவை. கூகுள் வரைபடம் 'பத்துக் கிலோமீற்றர் மிச்சம்' என்று ஆசை காட்டும். உள்ளே போனால் கொங்கிரீட் போட்ட இரண்டு பட்டை, நடுவில் புல், லயத்துக்கு மேலே நேராக வானத்தைப் பார்த்து ஏறும். ரதல்ல குறுக்கு வீதியையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். நானுஓயாவுக்குச் சீக்கிரம் போகலாம் என்று யாராவது சொல்வார்கள். ஏறுவதற்கு வேண்டுமானால் தள்ளிக்கொண்டு போகலாம், இறங்குவதற்கு அந்தப் பக்கமே வேண்டாம். 2023 ஜனவரியில் பஸ் ஒன்று வேனிலும் ஆட்டோவிலும் மோதி 7 பேர் உயிரிழந்தது அந்த வீதியில்தான்.

இனி வண்டி. உங்கள் சைக்கிளின் செயின்வீல் பற்களை எண்ணிப் பாருங்கள். சாதாரணமாக 44 அல்லது 48 இருக்கும். பின்னால் பிரீவீல் பெரும்பாலும் 18 பல். 28 அங்குலச் சில்லு ஒரு சுற்றுக்கு 2.2 மீற்றர் அளவில் உருளும். 44-ஐ 18-ஆல் வகுத்து 2.2-ஆல் பெருக்குங்கள்: பெடல் ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் வண்டி 5.4 மீற்றர் போகிறது. கிளிநொச்சிச் சமதரைக்கு இது அருமை. லிந்துலை ஏற்றத்துக்குப் பாரம். பிரீவீலை மட்டும் 22 பல்லுக்கு மாற்றினால் அதே சுற்றுக்கு 4.4 மீற்றர். தூரம் குறைகிற அளவுக்குக் காலில் விழும் பாரமும் குறையும், நூற்றுக்கு 18 பங்கு. சமதரையில் இழப்பு பெரிதில்லை: நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் முன்பு மணிக்கு 19 கிலோமீற்றர் போன வண்டி இப்போது 16 போகும், அவ்வளவுதான்.

இந்த 18 பங்கு ஏன் பெரிய விஷயம் என்றால், கியர் இல்லாத வண்டியில் மெதுவாக ஏறுவதற்கும் ஓர் எல்லை உண்டு. நிமிடத்துக்கு 40 சுற்றுக்குக் கீழே போனால் வண்டி ஒவ்வொரு மிதிக்கும் நின்று நின்று போகும், முழங்கால் கத்தும். 22 பல்லில் 40 சுற்று என்றால் மணிக்குப் பத்தரைக் கிலோமீற்றர். ஆள், வண்டி, சாமான் எல்லாம் சேர்த்து 90 கிலோ என்று வைத்தால், நூற்றுக்கு ஐந்து ஏற்றத்தில் அந்த வேகத்துக்கு ஏறக்குறைய 150 வாட் வலு வேண்டும். உடம்பு வேலை பழகிய ஆள் அதை நல்ல நேரத்துக்குத் தாங்குவார். 18 பல்லில் அதே ஏற்றத்துக்கு 180-க்கு மேல் போய்விடும். பத்து நிமிடத்தில் நாக்குத் தள்ளும். நூற்றுக்கு எட்டு என்று நிமிர்ந்தால் 22 பல்லிலும் 225 வாட் தாண்டும். அங்கே வீரம் காட்ட வேண்டாம், இறங்கிவிடுங்கள்.

22 பல் பிரீவீல் எல்லாக் கடையிலும் இருக்காது, கேட்டு வைத்து வாங்க வேண்டி வரலாம். 20 பல் கிடைத்தால் அதுவும் நல்லதுதான். மாற்றும்போது செயின் நீளத்தைக் கவனியுங்கள். நான்கு பல் கூடினால் செயினில் ஓர் அங்குலம், அதாவது ஒரு ஜோடிக் கண்ணி, கூட்ட வேண்டியிருக்கும். பின் சில்லை முன்னுக்கு இழுத்துச் சமாளிக்கலாம் என்று சைக்கிள் திருத்தும் பாஸ் சொன்னால், இழுத்த பிறகு டயர் எங்கேயாவது உரசுகிறதா என்று சுற்றிப் பார்த்துவிட்டு ஒத்துக்கொள்ளுங்கள்.

கியர் சைக்கிள் வாங்குவதா என்ற கேள்விக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. கியர் வண்டியில் மணிக்கு ஆறு கிலோமீற்றர் வேகத்திலும் கால் இலேசாகச் சுற்றும், நீங்கள் அந்த இடத்தில் நான்கு கிலோமீற்றர் வேகத்தில் தள்ளிக்கொண்டு நடப்பீர்கள். நாள் முழுக்கக் கணக்குப் பார்த்தால் ஒரு மணித்தியாலம், ஒன்றரை மணித்தியாலம் வித்தியாசம் வரலாம். அதற்காக இப்போதே அவ்வளவு காசு கொட்டத் தேவையில்லை. சைக்கிள் ஆசை அடுத்த வருடமும் இருந்தால் வாங்குங்கள்.

இரண்டு சின்ன வேலை. ஒன்று, சீட்டை உயர்த்துங்கள். நம் ஊரில் முக்கால்வாசிப் பேர் இரண்டு காலும் தரையில் படும்படி சீட்டைத் தாழ்த்தி வைத்து மிதிக்கிறார்கள். குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் கீழே இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். அதுதான் அளவு. அப்புறம் கொட்டர் பின். பழைய மாதிரி வண்டிகளில் பெடல் கையை அச்சோடு பிடித்திருப்பது அந்தச் சின்ன ஆப்புத்தான். ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தால் அது தளரும். ஒவ்வொரு சுற்றுக்கும் காலுக்கடியில் 'டக்' என்று ஓர் ஆட்டம் தெரியும். அப்படியே மிதித்துக்கொண்டு போனால் அந்த ஆப்பு நசுங்கி, பெடல் கை கழன்று கையோடு வரும். புறப்படுவதற்கு முதல் நாள் தட்டி இறுக்கி, நட்டை முறுக்கி வையுங்கள்.

தள்ளுவதிலும் முறை இருக்கிறது. சைக்கிளுக்கு இடப்பக்கம், காணு ஓரமாக நீங்கள் நடங்கள். வண்டி உங்களுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் இருக்கட்டும். செயின் வலப்பக்கம் இருப்பதால் காற்சட்டையிலும் எண்ணெய் படாது. ஒரு கை ஹேண்டிலில், மறு கை சீட்டில். கால் செத்த பிறகு இறங்குவது வேண்டாம். முடக்கில் வீதி நிமிருவது கண்ணுக்குத் தெரிந்தவுடனே, இன்னும் வலு மிச்சமிருக்கும்போதே இறங்கி, ஐந்து நிமிடம் நடந்து, சாய்ந்த இடத்தில் ஏறிக்கொள்ளுங்கள். இப்படிப் போகிறவர்தான் பின்னேரமும் மிதிப்பார்.

சரி, இறக்கத்துக்கு வருவோம். 90 கிலோப் பாரம் 670 மீற்றர் கீழே இறங்கும்போது வெளியாகும் சக்தி, ஒன்றே முக்கால் லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். கொஞ்சத்தைக் காற்றும் வீதியும் வாங்கிக்கொள்ளும். மிச்சம் முழுவதும் நான்கு துண்டு ரப்பர் கட்டைக்கும் இரண்டு ரிம்முக்கும்தான் போக வேண்டும், வேறு வழியில்லை. கம்பி பிரேக்கில் கட்டை பக்கவாட்டில் பிடிப்பதில்லை. ரிம்மின் உள்பக்கத்தை, அதாவது அச்சைப் பார்த்திருக்கும் பக்கத்தை, மேல் நோக்கி இழுத்துப் பிடிக்கும். குனிந்து பாருங்கள்: இரண்டு கட்டையும் ஒரே நேரத்தில், முழுதாகப் படுகின்றனவா? ஒரு பக்கம் மட்டும் பட்டால் பாதி பிரேக்தான் உங்களிடம் இருக்கிறது. கட்டையின் முகம் கண்ணாடி மாதிரி மினுங்கினால் உப்புத்தாளில் தேய்த்து மினுக்கத்தை எடுங்கள். அதைவிடப் புதுக்கட்டை போடுவது மேல், விலையும் பெரிதில்லை. கம்பிகளை இணைக்கும் சின்னக் கிளிப்புகளின் ஸ்க்ரூ நம் வீதிக் குலுக்கலில் தளரும். அது நழுவினால் கை முழுக்க அழுத்தினாலும் கீழே ஒன்றும் நடக்காது. நுவரெலியாவில் இறங்கத் தொடங்கும் முன் அந்த ஸ்க்ரூ ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

இறங்கும்போது மணிக்கு 20 கிலோமீற்றரைத் தாண்ட விடாதீர்கள். ஆட்டோவெல்லாம் முந்திக்கொண்டு போகிறதா? போகட்டும். வேகம் ஏறிய பிறகு பிடிக்கலாம் என்பது கம்பி பிரேக்கில் நடக்காத காரியம். முடக்கு வருவதற்கு முன்பே இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தி வேகத்தைக் குறையுங்கள், முடக்கில் இலேசாக விடுங்கள். முன் பிரேக் பிடித்தால் கவிழ்ந்துவிடும் என்று பயந்து பின் பிரேக்கை மட்டும் பிடித்துக்கொண்டே இறங்குவது நம் பழக்கம். நிறுத்தும் வலுவில் பெரும்பங்கு முன் சில்லில்தான் இருக்கிறது. பின்னால் மட்டும் பிடித்தால் கட்டை கருகும், ரிம் கொதிக்கும், உள்ளே டியூபில் போட்ட பழைய ஒட்டும் இளகும். நிமிர்ந்து உட்காருங்கள், நெஞ்சில் படும் காற்றும் ஒரு பிரேக்தான். மூன்று கிலோமீற்றருக்கு ஒரு தடவை நின்று, புறங்கையை ரிம்முக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள். சூடு தெரிந்தால் ஆறும்வரை நில்லுங்கள். ரப்பர் கருகும் வாசம் வந்தால் கேள்வியே இல்லை.

செருப்பை டயரில் அழுத்தி நிறுத்தும் வித்தையைத் தோட்டத்துப் பையன்கள் லயத்துச் சரிவில் செய்வார்கள். ஏ7-இல் பின்னால் லொறி வரும்போது செய்யும் வித்தை இல்லை அது. பிரேக் உண்மையிலேயே போய்விட்டால் பள்ளத்துப் பக்கம் வேண்டாம், மலைப் பக்கம் திருப்புங்கள். புல் வரம்போ தேயிலைச் செடியோ கிடைக்கும். கீறல் படும், ஆள் தப்பும்.

இன்னொரு அடையாளம்: வீதியோரம் சின்னக் கோயில் ஒன்றுக்கு முன்னால் லொறிகள் நின்று, சாரதிமார் இறங்கிக் காசு போட்டு விபூதி பூசிக்கொண்டு போவதைக் கண்டால், அதற்கப்பால் வரும் இறக்கத்தைப் பற்றி அவர்களுக்கு ஏதோ தெரியும். நீங்களும் நின்று பிரேக்கைப் பாருங்கள்.

மழை பெய்தால் இந்தப் பேச்செல்லாம் செல்லாது. ஈரமான இரும்பு ரிம்மில் ரப்பர் கட்டை வழுக்கும். காய்ந்த வீதியில் நின்ற தூரத்தைப்போல் பல மடங்கு தூரம் போய்த்தான் நிற்கும். தூறல் தொடங்கியவுடனே கடைத் தாழ்வாரம் ஒன்றில் ஒதுங்குங்கள், விடாது என்று தெரிந்தால் இறக்கத்தையும் தள்ளிக்கொண்டே நடங்கள். அலுமினிய ரிம்மும் பக்கவாட்டுப் பிரேக்கும் மாற்றினால் ஈரத்தில் நிலைமை நன்றாகத் தேறும். ஆனால் சில்லை முழுதாகப் பிரித்துக் கம்பி கோர்க்க வேண்டும், அது பெரிய வேலை. முதல் பயணத்துக்கு மழை இல்லாத மாதத்தைத் தேர்ந்தெடுப்பதே சுலபம்.

எந்த மாதம் என்பதற்குத் தேயிலையே நல்ல வழிகாட்டி. ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்துத் திம்புள்ளத் தேயிலைக்குப் பேர்போன காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. மழை குறைந்து, வெயிலும் குளிர்காற்றுமாக இருப்பதால் கொழுந்து மெதுவாக வளர்ந்து வாசம் பிடிக்கிறது. அதே உலர்ந்த நாட்கள்தான் உங்கள் பிரேக் கட்டைக்கும் வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை நேராக நம் பக்கத்தில்தான் இறங்கும், வட்டவளை எவ்வளவு நனையும் என்று ஹட்டன்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த மாதங்களில் ஆசை அடங்கவில்லை என்றால் ஊவாப் பக்கம் போங்கள். ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாத் தேயிலையின் காலம், மலைக்கு அந்தப் பக்கம் காய்ந்து கிடக்கும். பண்டாரவளையிலிருந்து ஹப்புத்தளை, அங்கிருந்து தம்பேதன்னைத் தொழிற்சாலை வரைக்கும் போய்த் திரும்புவது, கியர் இல்லாத வண்டிக்கு அளவான ஒரு நாள். காற்று மட்டும் ஆளைத் தள்ளும். தொழிற்சாலைக்கு மேலே லிப்டன் சீட்டுக்கு ஏறும் ஏழு கிலோமீற்றருக்குச் சைக்கிளை எங்காவது வைத்துவிட்டு நடப்பதுதான் புத்தி.

மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல், பிறகு ஒக்டோபர், நவம்பர்: காலையில் வானம் கண்ணாடி மாதிரி இருக்கும், இரண்டு மணிக்கு இடி இடிக்கும். நீங்கள் இறக்கத்தின் நடுவில் இருக்கும் நேரமும் அதுதான். ஏப்ரலில் நுவரெலியா வசந்த காலத்து வாகன நெரிசல் வேறு. அந்த மாதங்களை விட்டுவிடுங்கள். மழை நாட்களுக்குப் பிறகு போவதாக இருந்தால் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் விடும் மண்சரிவு எச்சரிக்கையையும் பாருங்கள். 2025 நவம்பரில் டித்வா புயல் என்ன செய்தது என்று மலைநாட்டில் எல்லாருக்கும் தெரியும்.

நேரக் கணக்கு இப்படி. ஹட்டனில் ஐந்தே முக்காலுக்குப் புறப்பட்டால் ஏழேகாலுக்குத் தலவாக்கலை. அங்கே பதினைந்து நிமிடம் நின்று தேத்தண்ணி. பத்தேகால் அளவில் நானுஓயா, பதினொன்றரைக்கு நுவரெலியா. பன்னிரண்டே முக்காலுக்கு அங்கிருந்து கிளம்பியே ஆக வேண்டும். நின்று நின்று இறங்கினால் மூன்று மணிக்குத் தலவாக்கலை, ஐந்தேகால் ஐந்தரைக்கு வீடு. இதில் ஒன்று மட்டும் பேரம் பேசக் கூடாதது: பகல் பன்னிரண்டுக்குள் நுவரெலியா போய்ச் சேரவில்லை என்றால், எங்கே நிற்கிறீர்களோ அங்கேயே திரும்புங்கள். அது நானுஓயாச் சந்தியாக இருந்தாலும் சரி, பிளக்பூலாக இருந்தாலும் சரி.

சாப்பாட்டைப் பற்றி நீட்டத் தேவையில்லை. கோதுமை மா ரொட்டி நான்கு, கட்டைச் சம்பல் ஒரு பொட்டலம், வாழைப்பழம், கச்சான் கொஞ்சம். பசி எடுக்கும் வரை காத்திருக்காமல் மணிக்கு ஒரு தடவை ஏதாவது வாயில் போடுங்கள். ஒரு பக்கெட் ஜீவனி (உடம்பில் நீர் குறைந்தால் கரைத்துக் குடிக்கும் உப்புத் தூள்) வாங்கி, அதில் எழுதியிருக்கும் அளவுக்குத் தண்ணீர் சேர்த்துக் கரைத்தால் போதும், வெளிநாட்டுப் போத்தல் எதுவும் வேண்டாம். பீலித் தண்ணீரைக் கண்டால் முகம் கழுவுங்கள், குடிப்பதென்றால் யோசியுங்கள். மேலே மரக்கறித் தோட்டம் இருந்தால் அடித்த மருந்தெல்லாம் அந்தத் தண்ணீரோடுதான் வரும். கடையில் கேட்டால் போத்தலை நிரப்பித் தருவார்கள், கூடவே ஒரு இஞ்சிச் சாயம் குடித்துவிட்டு வாருங்கள்.

ஜனவரி, பெப்ரவரி விடியலில் நுவரெலியாப் பக்கம் புல்லில் உறைபனி விழுகிற நாட்களும் உண்டு. ஏறும்போது வியர்க்கும், உச்சியில் நின்றவுடன் அந்த வியர்வையே குளிரும். இறங்குவதற்கு முன் பழைய பத்திரிகைத் தாள் இரண்டை மடித்துச் சட்டைக்குள் நெஞ்சோடு வையுங்கள். காற்றை அது நன்றாகவே மறிக்கும். விரல் விறைத்தால் பிரேக் பிடிக்க முடியாது, ஆகவே கையுறை கட்டாயம். சாதாரணக் கையுறையே போதும்.

தனியாகப் போவதால் வீட்டில் ஒருவரிடம் இந்த நேரக் கணக்கை எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். தலவாக்கலை, நானுஓயா, நுவரெலியா மூன்று இடத்திலும் ஒரு அழைப்பு எடுங்கள். இடையில் சிக்னல் விழாத முடக்குகள் இருக்கும், அதற்காக வீட்டில் பதற வேண்டாம் என்றும் சொல்லி வையுங்கள். அம்புலன்ஸுக்கு 1990 என்ற இலக்கத்தை அழையுங்கள், காசு இல்லை. தேயிலை மலை ஓரத்தில் பெரிய மரத்தடியில் ஓய்வெடுக்கும் முன் மேலே பாருங்கள். குளவிக்கொட்டில் ஆட்கள் ஆஸ்பத்திரிக்குப் போகும் செய்தி நமக்குப் புதிதில்லை, காற்றடிக்கும் நாளில் கூடு கலையும். நாய் துரத்தினால் இறங்கிச் சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடங்கள், ஓடாத ஆளில் அதற்கு அக்கறை போய்விடும். ஒட்டுப்போடும் சாமான், பம்ப், உதிரி டியூப் ஒன்று, பிரேக் கட்டை இரண்டு, பின் சில்லு நட்டுக்குப் பொருந்தும் ஸ்பேனர். கடைசிச் சாமானை மறந்தால் மற்றதெல்லாம் சும்மா பாரம், பின் சில்லைக் கழற்றவே முடியாது. இந்த வேலையை வீட்டு வாசலில் ஒரு தடவை செய்து பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

கடைசித் துண்டைப் பற்றி யாரும் எச்சரிக்க மாட்டார்கள், அதனால் சொல்கிறேன். தலவாக்கலையிலிருந்து ஹட்டன் மேற்குப் பக்கம். பின்னேரத்தில் வெயில் நேராக உங்கள் கண்ணில் அடிக்கும். உங்களுக்குப் பின்னால் வரும் பஸ் சாரதியின் கண்ணிலும் அதே வெயில்தான். கறுப்புச் சட்டையோடு ஓரமாகப் போகும் சைக்கிள்காரர் அவருக்குத் தெரியவே மாட்டார். மஞ்சளோ செம்மஞ்சளோ கண்ணைக் குத்தும் சட்டை ஒன்றைப் பையில் வைத்திருந்து தலவாக்கலையில் மாட்டிக்கொள்ளுங்கள், பின்னால் சிவப்பு லைட்டையும் போட்டுவிடுங்கள். முடக்கில் ஹோர்ன் கேட்டால் மிதிப்பதை நிறுத்திக் காணு ஓரம் ஒதுங்கி நில்லுங்கள். காலும் அப்போது களைத்திருக்கும், காலையில் சும்மா இறங்கி வந்த இடமெல்லாம் இப்போது ஏற்றம். நான்கரைக்கும் தலவாக்கலையிலேயே நின்றால் அங்கேயே ஆட்டோ ஒன்றைப் பிடித்து, முன் சில்லைக் கழற்றி வண்டியைப் பின்னால் கயிறு போட்டுக் கட்டச் சொல்லுங்கள். கூலியை ஏறுவதற்கு முன் பேசிவிடுங்கள், சைக்கிளுக்குத் தனிக் காசு என்று ஹட்டனில் வந்து சொல்வார்கள்.